சின்னபொண்ணு முடிக்காத பாட்டு

பாகூர் ஏரிக்குக் கிழக்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் யாராவது இறந்துபோனால், மேளத்துக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பே சின்னபொண்ணு வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். களை எடுப்பது, நாற்று நடுவது, கரும்பு வெட்டிய கொல்லையில் காய்ந்த சோகை பொறுக்குவது, இவைதான் அவள் பிழைப்பு. ஒப்பாரி பிழைப்பில் சேராது. ஆனாலும் அவள் வந்து உட்கார்ந்தால்தான் அந்த வீட்டில் சாவு விழுந்ததாகவே ஊர் ஒப்புக்கொள்ளும். மற்ற நேரங்களில் அவள் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்க வேண்டும். இவளுக்கு எங்கிருந்து இத்தனை பாட்டு வருகிறது என்று யாராவது கேட்டால், கேட்டவர்களை ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான்.

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அழ மாட்டாள். அந்த வீட்டு மனுஷர்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். போனவங்க எப்பவும் இன்னா வச்சிருப்பாங்க? பம்புசெட்டு சாவி என்பார்கள், வெற்றிலைப் பை என்பார்கள். அந்தப் பொருள் பாட்டுக்குள் போய்விடும். ஆளுக்கு ஒரு பொருள், ஆளுக்கு ஒரு பாட்டு. எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் அது யாருடைய பாட்டு என்று ஊரில் எவரும் சொல்லிவிடலாம். கடைசியாக ஓர் அடி உண்டு. அதற்கு முன் ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்துவாள். கூட அழுகிற பெண்களும் நிறுத்திவிடுவார்கள். வீடே அடங்கிப்போகும். பிறகு, வாசல் திறந்திருக்கிறது, தாண்டிப் போய்விடு என்று அனுப்பி வைக்கிற அந்த அடியைப் பாடி முடிப்பாள். அதைப் பாடாமல் அவள் எழுந்ததே கிடையாது. பாடாவிட்டால் போனவர்கள் வாசலிலேயே நிற்பார்கள் என்பது அவள் நம்பிக்கை. பாடிவிட்டால் யாரும் நிற்க முடியாது என்பதும்தான்.

கூப்பிட வருகிற ஆள் வெறுங்கையோடு வர மாட்டான். தொண்டைக்கு என்று ஒரு சாராய பாக்கெட் கொண்டு வருவான். அது மரியாதை. ஆரம்பத்தில் சாவு விழுந்த நாளில் மட்டும் குடித்தாள். புருஷன் இறந்த பிறகு சாயங்காலங்களிலும் குடித்தாள். அப்புறம், களைக்கொட்டைப் பிடிக்கிற கை காலையில் நடுங்குகிறது என்று, பல் விளக்கினதும் ஒரு மடக்கு. கடைக்குப் போய் ஆம்பளைகளோடு நின்று குடிக்கிறவள் இல்லை அவள். யாராவது வாங்கி வந்து கொடுப்பார்கள், முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு பொம்பளை குடிக்கிறாள் என்று வாயைத் திறந்து சொல்ல ஊருக்கு வெட்கம். சாராயத்தைக் கொண்டு போய்க் கொடுக்க மட்டும் அந்த வெட்கம் இல்லை.

மகள் ஜெயசித்ரா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் கம்பெனி வேன் ஏறினால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். கழுத்தில் நீலக் கயிற்றில் கம்பெனி அடையாள அட்டை எப்போதும் தொங்கும். கழற்றி வைத்தால் தொலைந்துவிடும் என்று வீட்டிலும் அதோடுதான் இருப்பாள். அவளுக்கு அரியாங்குப்பத்தில் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை தணிகைவேல் ஒயரிங் வேலை செய்கிறவன், பேச்சில் நிதானம். அவனுடைய அம்மா ருக்குமணிக்குத்தான் ஒரு நிபந்தனை இருந்தது. அவள் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தவன். பூ வைத்த அன்றைக்கு அந்த அம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

“குடி வாட அடிக்கிற வூட்ல நான் சம்பந்தம் வச்சிக்க மாட்டேன். ஆம்பள இல்லாத வூடுன்னு தேடித்தான் வந்தேன்.”

சின்னபொண்ணு ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். வெற்றிலை வாசனைக்கு அடியில் என்ன வாடை என்று ஜெயசித்ராவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. தணிகைவேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

சின்னபொண்ணுவுக்குத் தொப்புளுக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அடித்தொண்டையில் பாடும்போது அது புடைத்துக்கொண்டு வெளியே வரும். குடல் பிதுங்குகிறது, சின்ன ஆபரேஷன்தான், தள்ளிப் போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆடி மாதம் கல்யாண வேலை ஒன்றும் கிடையாது, அதற்குள் முடித்துக்கொள்ளலாம் என்று ருக்குமணியும் சொன்னாள். அப்படித்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சேர்க்கும்போது ஒரு சின்ன வயது டாக்டர் விவரம் கேட்டார். அவர்களுக்கு முன்னால் நின்ற ஆளிடம் குடிப்பீர்களா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, திட்டவும் செய்தார். சின்னபொண்ணுவின் முறை வந்தது. சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, புகையிலை போடுவீர்களா என்று கேட்டார். அவள் நரைத்த தலையையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்தார். அடுத்த கேள்வியைக் கேட்காமலே தாளைத் திருப்பிவிட்டார். படித்தவர்தான். பொம்பளையிடம் அதைப் போய்க் கேட்பதா என்கிற கூச்சத்தைப் படிப்பு கழுவிவிடவில்லை. பக்கத்தில் நின்ற ஜெயசித்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கே அம்மாவின் முந்தானை முடிச்சில் ஒரு பாக்கெட்டைப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு போய்க் கக்கூஸில் ஊற்றினாள். ஆபரேஷனுக்கு முன்னால் குடித்தால் செத்துப் போவாய் என்று அம்மாவின் காதோரம் சீறினாள். சின்னபொண்ணு வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஜெயசித்ரா சொன்னதில் தப்பில்லை. ஆனால் தினமும் குடித்த உடம்பைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. ரத்தம் நிற்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது என்றார்கள். மற்றபடி எல்லாம் சரி என்றார்கள். அதற்கடுத்த நாள் காலையிலேயே சின்னபொண்ணுவின் விரல்கள் போர்வை மேல் எதையோ பொறுக்க ஆரம்பித்தன. எறும்பு, எறும்பு என்றாள். ஜெயசித்ரா போர்வையை உதறிக் காட்டினாள். ஒரு எறும்பும் இல்லை. அம்மா மட்டும் பொறுக்கிப் பொறுக்கிக் கட்டிலுக்கு வெளியே போட்டுக்கொண்டே இருந்தாள். வேர்வை தலையணையை நனைத்தது. புண் ஜுரம் என்று நர்ஸ் செல்வகுமாரி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் சின்னபொண்ணு கண்ணை அகலமாகத் திறந்து, கட்டிலின் கால்மாட்டில் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து, வாங்க என்றாள். கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டாள், யாரோ உட்காருவதற்கு இடம் விடுகிற மாதிரி.

பார்வையாளர் நேரம் ஆரம்பித்து வார்டு கலகலப்பாக இருந்த சமயத்தில் அவள் பாட ஆரம்பித்தாள்.

“சாவிய இடுப்புல கட்டுனீயே, என் அண்ணே, எந்தக் கதவுக்கு எடுத்துப் போறீயோ.”

பழத்தை உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எதிர்க் கட்டில் பெண் யார் செத்தது என்று பதறி எழுந்தாள். யாரும் சாகவில்லை. ஜெயசித்ராவுக்கு மட்டும் அது யாரென்று தெரிந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இறந்துபோன பம்புசெட்டுக் கிழவர் அது. அம்மா முழுப் பாட்டையும் பாடி, நிறுத்தி, அனுப்புகிற அடியையும் பாடினாள். உடனே அடுத்தது தொடங்கிற்று.

“பாக்ஸு குலுங்கப் போன புள்ள, இந்த பாகூரு ஏரி குலுங்கலையே.”

அது ஜாமெட்ரி பாக்ஸோடு ஏரியில் விழுந்து போன பெண்பிள்ளை. ஜெயசித்ராவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அதற்கப்புறம் வெற்றிலைப் பை வந்தது, அப்புறம் ஒரு மூக்குக் கண்ணாடி. எல்லாம் ஊரில் விழுந்த சாவுகள். எந்தச் சாவுக்குப் பிறகு எந்தச் சாவோ அந்த வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒவ்வொருவராகக் கால்மாட்டுக்கு வந்து, பாட்டு வாங்கிக்கொண்டு, போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவின் பார்வை அவர்களைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

“டார்ச்சு அடிச்சு வரப்பு நடந்த ராசா, நீ தனியா நடந்த வழி தெரியலையே.”

இது அப்பா. ஜெயசித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகைக்கு நடுவிலேயே வேறொரு நினைப்பு முளைத்தது. இந்த வரிசை இந்த வருஷத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. மாசி மாதம் இறந்த டீக்கடைக்காரர்தான் ஊரில் கடைசிச் சாவு. அவருக்கு அப்புறம் யாரும் சாகவில்லை. அவர் முறை முடிந்ததும் கால்மாட்டில் யார் வந்து நிற்பார்கள்?

அந்த நேரம் பார்த்து ருக்குமணி உள்ளே வந்தாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையும். கூடவே ஜெயசித்ராவின் மாமா சுப்புராயனும் வந்தார். சின்னபொண்ணுவின் தம்பி. எதையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு முழுசாக முடிவு சொல்கிறவர். அக்காவைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார். இத்தனை நாள் பாடி அனுப்பிய பிணங்கள் எல்லாம் திரும்பி வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டன, ஊசி மருந்துக்கு இது கேட்காது என்றார். வேப்பிலை அடிக்கிற பூசாரிக்குப் போன் போட்டுக்கொண்டே, அக்காவை வீட்டுக்குத் தூக்கிப் போக வண்டி பிடிக்க ஓடினார். வார்டு ஆயா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். பக்கத்துக் கட்டில்காரி தன் பேரைச் சின்னபொண்ணுவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

டீக்கடைக்காரரின் பாட்டு முடிந்தது. சின்னபொண்ணுவின் பார்வை அவரைக் கதவு வரை கொண்டுபோய் விட்டது. அவள் அமைதியானாள். பிறகு தலையைத் திருப்பி ருக்குமணியைப் பார்த்தாள். பார்வையில் தெளிவு இருந்தது, குரல்கூட வழக்கமான குரல்தான்.

“சம்பந்தியம்மா, உங்க மருமவ எப்பவும் இன்னா வச்சிருப்பா?”

ஜெயசித்ரா வேண்டாம் அத்தே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ருக்குமணி முந்திக்கொண்டாள். நோயாளிக்குப் புத்தி தெளிந்துவிட்டது, குசலம் விசாரிக்கிறாள் என்று ருக்குமணி நினைத்துக்கொண்டாள் போலும். சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“இன்னா, அந்தக் கம்பெனி கார்டுதான். பூ வச்ச அன்னிக்கே நீலக் கயிறோடதான வந்து நின்னா.”

சின்னபொண்ணு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கால்மாட்டில் வெறும் தரையைப் பார்த்தாள். அங்கே நிற்பது யார் என்று தெரிந்த மாதிரி அவள் முகம் கோணிற்று. ஜெயசித்ரா கட்டிலின் தலைமாட்டில், அம்மாவின் தோளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீலக் கயிறு போட்ட மகளே, உனக்கு மஞ்சக் கயிறு போட நாள் பாத்தேனே. நாள் பாத்த நாள்காட்டி கிழியலையே, என் நடுவூடு இருண்டு போனதென்ன.”

ருக்குமணியின் கையிலிருந்து பை நழுவிச் சாத்துக்குடிகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. சின்னபொண்ணு இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டாள். கால் உதைத்தது. வயிற்றில் போட்டிருந்த துணிக்கட்டின் மேல் சிவப்பு ஊறிப் பரவிற்று. செல்வகுமாரி ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். டாக்டரம்மா ஒருத்தர் வந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், தாளைப் புரட்டினார். தாளில் ஒன்றுமில்லை. இதற்குள் சுப்புராயன் திரும்பி வந்துவிட்டார். வண்டி வாசலில் நிற்கிறது, எங்கே கையெழுத்துப் போட வேண்டும், எங்கள் ஆளை விடுங்கள் என்று அவர் ஒரு பக்கம்.

ஜெயசித்ராவுக்கு அப்போதுதான் காலை நடுக்கமும், களைக்கொட்டுப் பிடிக்க முடியாத கையும், கக்கூஸில் ஊற்றின பாக்கெட்டும் ஒன்றோடு ஒன்று வந்து சேர்ந்தன. பாவி, கேட்காத கேள்விக்கு நானாவது பதில் சொல்லியிருக்க வேண்டாமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தாள். அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். ருக்குமணி இந்தப் பக்கம், தோளுக்குத் தோள். இடையில் பாட்டு, வார்டு அதிர. சொன்னால் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் மாமா அம்மாவை வண்டியில் ஏற்றிவிடுவார். அந்த வண்டியிலிருந்து அம்மா உயிரோடு இறங்க மாட்டாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றிற்று.

பாட்டுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“எங்கம்மா குடிப்பாங்க மேடம். தெனம் சாராயம் குடிப்பாங்க. காலையிலயும் குடிப்பாங்க. நான்தான் நிறுத்திட்டேன்.”

கத்தத் தொடங்கிய அதே நொடியில் சின்னபொண்ணு பாட்டை நிறுத்தியிருந்தாள். கடைசி அடிக்கு முன்னால் எப்போதும் நிறுத்துகிற அந்த ஒரு மூச்சு. வார்டு முழுக்க அடங்கிக் கிடந்த அந்த நிசப்தத்தில் ஜெயசித்ராவின் குரல் மட்டும் ஒவ்வொரு வார்த்தையாகப் போய் விழுந்தது. கதவுக்கு வெளியே நின்ற ஆயாவுக்குக்கூடக் கேட்டது.

டாக்டரம்மா ஒரு கணம்தான் அவளைப் பார்த்தார். பிறகு மருந்தின் பேரைச் சொன்னார், செல்வகுமாரி ஓடினாள். சின்னபொண்ணு மூச்சை இழுத்து வாயைத் திறந்தபோது ஊசி ஏறிவிட்டது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மெல்லக் கண் செருகிற்று.

அப்புறம் டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார், திட்டாமலே சொன்னார். தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று சாராயம் இல்லாமல் போனால் இரண்டு மூன்று நாளில் இப்படித்தான் மூளை பிசகும், இல்லாதது கண்ணில் தெரியும், காதில் கேட்கும், வலிப்பு வரும், நெஞ்சே நின்றும் போகலாம். குடிக்கிற உடம்பில் மயக்க மருந்தும் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது, ரத்தம் லேசில் நிற்காது, தையல் ஆறாது. முன்னமே தெரிந்திருந்தால் ஆபரேஷனைத் தள்ளி வைத்து, மருந்து கொடுத்து, எங்கள் பார்வையிலேயே நிறுத்த வைத்திருப்போம் என்றார். வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தால் ராத்திரி தாண்டியிருக்காது என்றும் சொன்னார். சுப்புராயன் போனில் பூசாரியிடம் வர வேண்டாம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயசித்ரா திரும்பிப் பார்த்தபோது ருக்குமணி குனிந்து சாத்துக்குடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பையில் போட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கட்டில் ஓரத்தில் வைத்தாள். போகும்போது ஜெயசித்ராவின் தலையில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கை எதற்காக என்று ஜெயசித்ராவுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. ஆவணி பிறக்குமுன் தரகர் மூலமாகச் சேதி வந்தது. பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லையாம், தைரியசாலிப் பெண்ணாம். ஆனால் வேண்டாமாம். தணிகைவேல் ஒரு தடவை போன் செய்தான். சின்னபொண்ணுவின் தையல் ஆறிவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். ஜெயசித்ரா அதற்கப்புறம் கம்பெனி வேனில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதாள், வீட்டில் அழவில்லை.

சின்னபொண்ணு பிழைத்துக்கொண்டாள். மறுபடி தையல் போட்டு, ஒரு வாரத்துக்கு மேல் படுத்துக் கிடந்து, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் நடந்தது எதுவும் நினைவில்லை என்றாள். மகளின் கல்யாணம் நின்றது பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெயசித்ராவுக்கு அது ஆறாத கோபம். குடித்தது நீ, கெட்டது நான் என்று ஒரு நாள் சொல்லியே விட்டாள். சின்னபொண்ணு தலையைக் குனிந்துகொண்டு ஆஸ்பத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். மாத்திரை வாங்குகிற நாளை மட்டும் அவள் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் தெருக்கோடி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. வழக்கம்போல ஆள் வந்தான், கையில் பாக்கெட்டோடு. அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த ஜெயசித்ரா கதவோரம் நின்றாள். சின்னபொண்ணு பாக்கெட்டையே பார்த்தாள். பிறகு, நான் வரலை, வேற யாரையாச்சும் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். ஜெயசித்ராவுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாயே அம்மா என்றாள்.

சின்னபொண்ணு மகளைப் பார்க்காமல் பேசினாள்.

“ஆஸ்பத்திரில என் கால்மாட்டுல நீ நின்னுக்கினு இருந்தடி. அந்தக் கயிறோட. எல்லாம் பாடிட்டேன். கடைசி அடி மட்டுந்தான் பாக்கி. ஒரு மடக்கு உள்ள போச்சின்னா அது தானா வாய்க்கு வந்துரும்.”

தெருக்கோடியில் மற்றப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு ஏறி ஏறி, கடைசி அடிக்கு முன்னால் நிற்கிற இடத்துக்கு வந்து நின்றது. சின்னபொண்ணு இரண்டு உள்ளங்கையாலும் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். ஜெயசித்ரா கழுத்தில் இருந்த நீலக் கயிற்றை மெதுவாகக் கழற்றி, அம்மாவின் கண்ணில் படாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.